ஃபேனை யாரும் நிறுத்தவில்லை

எங்கள் தெருவில் சாவு விழுந்த வீட்டுக்குள், நாங்கள் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிட்டவர் நுழைந்ததும் முதலில் ஃபேன் சுவிட்சைத்தான் அணைப்பார். விஷயம் தெரியாதவர்கள் முறைப்பார்கள். அவர் கண்டுகொள்ளமாட்டார். இறந்தவரின் இமையை மூடுவார், சுத்தமான பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கண்மேல் வைப்பார், தலைக்கு ஒரு தலையணை கொடுத்து உயர்த்துவார். அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரர்களை ஓரமாகக் கூப்பிட்டுக் கண்தானம் பற்றிப் பேசுவார். ஃபேன் காற்று பட்டால் கருவிழி காய்ந்துவிடும். தலை தாழ்ந்திருந்தால் எடுக்கும்போது ரத்தம் கசியும். இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். கண்ணாடி போட்டவர், புரை ஆபரேஷன் செய்தவர், சர்க்கரை உள்ளவர் எல்லோருமே கொடுக்கலாம். வெறிநாய்க்கடி, எச்ஐவி, மஞ்சள் காமாலை வகை கல்லீரல் தொற்று போன்றவற்றால் இறந்தவர்களிடம் மட்டும் எடுக்கமாட்டார்கள். குழு வீட்டுக்கே வரும், அரை மணி நேரத்துக்குள் வேலை முடியும், முகம் பார்க்க விகாரமாக இருக்காது. உறுதிமொழி அட்டை இல்லாவிட்டாலும் நெருங்கிய உறவினர் ஒருவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் போதும். இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்லக் கேட்டு எங்களுக்கு மனப்பாடம்.

அந்த அண்ணன் இறந்தது ராத்திரி 11.40க்கு. விடியும்வரை அவர் வீட்டில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. காலை ஏழரைக்கு ஆதார் அட்டை தேடி அவருடைய பர்ஸைத் திறந்தபோது கண்தான அட்டை கையில் வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தோம். 5.40க்கே நேரம் முடிந்திருந்தது. எழும்பூரில் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. அங்கே கண் வங்கி இருக்கிறது, எங்கள் கொருக்குப்பேட்டையிலிருந்து ராத்திரியில் அரை மணி நேரம்கூட ஆகாது. 104 மருத்துவ உதவி எண்ணுக்கு அடித்திருந்தாலும் வழி சொல்லியிருப்பார்கள். நம்பர் தெரியாமல் போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் உண்மை அதுவல்ல. எந்த வீட்டிலும் அந்த போனைப் போட்டது அவர்தான். அவர் வீட்டில் யார் போடுவது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இதை எழுதும்போதும் கூசுகிறது. உங்கள் பகுதியிலும் இப்படி ஒருவர் இருந்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே இன்னும் இரண்டு பேர் அந்த போனைப் போட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

அன்று ராத்திரி 108 வண்டி வந்து பார்த்துவிட்டு உயிர் இல்லை என்று சொன்னதும், ஆட்டோவில் தூக்கிப்போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நாலு பேர் கிளம்பினார்கள். துடிப்பு இருக்கிறதா என்று சின்னச் சந்தேகம் இருந்தாலும் போய்த்தான் ஆக வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் உயிர் போனது நிச்சயமான பிறகு கொண்டுபோனால், இறந்த நிலையில் கொண்டுவரப்பட்டார் என்று பதிவாகும். பல சமயம் போலீசுக்குத் தகவல் போய் பிரேதப் பரிசோதனை வரைக்கும் இழுக்கும். இயற்கையாக வீட்டில் இறந்தவருக்கு, அவருக்கு வைத்தியம் பார்த்துவந்த டாக்டர் வந்து பார்த்து இறப்புக்கான காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வெளியே நடக்கும் சாவுக்கு அது 4ஏ படிவம். இங்கேதான் பல குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. முன்பின் பார்க்காத டாக்டர் ராத்திரியில் வந்து எழுதித் தரமாட்டார், அவர்மேல் தப்பும் இல்லை. அண்ணி பிபி மாத்திரைச் சீட்டுகளை ஒரு மஞ்சள் பையில் தேதிவாரியாக வைத்திருந்தார். அந்தப் பைதான் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது. ஐம்பது வயதைத் தாண்டியவர் உள்ள வீட்டில் கடைசி ஆறு மாதச் சீட்டாவது ஒரே இடத்தில் இருக்கட்டும்.

அடுத்து பெயர். தெருவுக்கே அவர் அண்ணன்தான். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கப் போன பையன் அங்கிருந்து போன் போட்டு, "இன்னா பேரு போடறது? கடைக்காரரு இனிஷியல் கேக்குறாரு" என்கிறான். இருபது வருஷம் கூடவே சுற்றியவர்கள் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டோம். போஸ்டரில் பெயர் தப்பினால் மழை வந்து கரைத்துவிடும். மயானத்தில் தப்பினால் விடாது. வீட்டில் இறந்தவர் விஷயத்தில் மயான அலுவலகத்தில் நாம் சொல்லும் விவரம்தான் மாநகராட்சியின் இறப்புப் பதிவுக்குப் போகிறது. தூக்கிக்கொண்டு போனவர்கள் கூப்பிடும் பெயரைச் சொன்னார்கள், அப்பா பெயரைப் பாதி சொன்னார்கள், வயதைக் குத்துமதிப்பாகச் சொன்னார்கள். சான்றிதழைத் தரவிறக்கிப் பார்த்தால் ஆதாரோடு எதுவுமே ஒத்துப்போகவில்லை. திருத்தி வாங்க ஐந்து வாரம், எட்டு நடை, அண்ணிக்கு நாலு நாள் கூலி நஷ்டம். வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே ஒரு வெள்ளைத் தாளில், ஆதாரில் உள்ளபடி, தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதிக்கொள்ளுங்கள்: பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், மனைவி அல்லது கணவர் பெயர், பிறந்த தேதி, இறந்த தேதியும் நேரமும், விலாசம், ஆதார் எண், தகவல் சொல்பவரின் போன் நம்பர். டாக்டர் சீட்டையும் ஆதார் நகலையும் அதோடு குத்திவையுங்கள். பாடை தூக்காத, குடிக்காத ஒருவரிடம் அந்தத் தாளைக் கொடுத்து அனுப்புங்கள். சென்னை மாநகராட்சி மயானத்தில் தகனத்துக்குக் கட்டணம் கிடையாது. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு நீங்களாகப் பார்த்து ஏதாவது கொடுப்பது வேறு விஷயம். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். அதைத் தாண்டினால் தாமதக் கட்டணம், ஒரு வருஷத்தைத் தாண்டினால் அதிகாரி உத்தரவு என்று ஏறிக்கொண்டே போகும்.

செலவைச் சொல்கிறேன். ஐஸ் பெட்டி, சாமியானா, நாற்காலி, பூப்பல்லக்கு, மேளம், ராத்திரி மரண கானா பாட வந்தவர்கள், வெடி எல்லாம் சேர்த்து 68,000 ரூபாய். அதில் பூவுக்கும் வெடிக்கும் மட்டும் 23,000. அண்ணன் குடியிருந்த வீட்டுக்கு நாலு மாத வாடகை அது. கானாவைக் குறை சொல்லமாட்டேன். விடிய விடிய அவர் செய்ததையெல்லாம் கட்டிக் கட்டிப் பாடியபோதுதான் அண்ணி வாய்விட்டு அழுதார். ஆனால் மாலை? ஊர்வலத்தில் பிய்த்துப் பிய்த்துச் சாலையில் எறிந்தோம். மாலையின் வாழைநார் நனைந்தால் தார்ச் சாலையில் சோப்பு மாதிரி வழுக்கும். பின்னால் வந்த ஸ்கூட்டர் ஒன்று சறுக்கி ஓர் அம்மாவுக்கு முழங்கை தேய்ந்தது. சாலையில் கொட்டிய மணலைக்கூட வாரி ஓரம் போடுகிறவருடைய ஊர்வலத்தில் இது நடந்தது. மாலைகளை வண்டிக்குள்ளேயே வைத்து மயானத்தில் கொட்டுவதுதான் சரி. இன்னும் நல்லது, மாலைக்குப் பதில் 100 பக்க நோட்டு கொண்டுவாருங்கள் என்று வாட்ஸ்ஆப்பில் காலையிலேயே போட்டுவிடுவது. நாங்கள் காரியத்துக்கு அப்படிப் போட்டோம். எங்கள் தெரு இரவுப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வருஷம் முழுக்கப் போதுமான நோட்டு வந்தது.

போட்டோவும் ஒரு பிரச்சினை. எந்த நிகழ்ச்சியிலும் போட்டோ எடுப்பவர் அவர்தான் என்பதால் அவர் இருக்கும் போட்டோவே கிடையாது. கடைசியில் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில், இடுப்பளவு தண்ணீரில் பால் பாக்கெட் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கும் ஒரு வாட்ஸ்ஆப் படத்தை வெட்டி எடுத்தோம். வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் அளவு குறைந்துதான் வரும். டபுள் டெமி போஸ்டருக்குப் பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடையும். எடுத்தவரிடம் கேட்டு மூலப் படத்தை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

இப்போது காசு விவகாரம். பொதுக் காசு எல்லாம் அண்ணனின் சேமிப்புக் கணக்கில்தான் கிடந்தது. நன்கொடை அவருடைய ஜிபேக்கு வரும், செலவு அதிலிருந்து போகும், நோட்டில் எழுதிவைப்பார். ஒரு பைசா கூடக் குறையாது. அந்த நம்பிக்கையில்தான் யாரும் கேட்கவில்லை. அவர் போன அன்று அதில் 41,300 ரூபாய் பொதுக் காசு இருந்தது. அவருடைய பின் நம்பர் தெரிந்த பையன் ஒருவன், இப்போதே மாற்றிவிடலாமா என்று கேட்டான். நல்ல எண்ணத்தில்தான் கேட்டான். அதைச் செய்யவே கூடாது. ஒருவர் இறந்த பிறகு அவர் கணக்கிலிருந்து கார்டிலோ போனிலோ பணம் எடுப்பது பின்னால் வழக்குவரை போகும். கணக்கில் இருப்பது சட்டப்படி வாரிசுகளுக்குப் போகிற பணம். நாமினி இருந்தால் இறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் கொடுத்து வாங்கிவிடலாம். இங்கே நாமினியாக இருந்தது அவருடைய அம்மா, அவர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அதனால் இ-சேவையில் விண்ணப்பித்து, விசாரணை முடிந்து, தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழுக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. இறப்புச் சான்றிதழில் பெயர் தப்பாக இருந்ததால் அதுவும் தள்ளிப்போனது. நாலு மாதம். அண்ணி பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டார். ஆனால் அந்த நாலு மாதத்தில் அவர் சொந்தக்காரர்களிடமும் எங்களில் சிலரிடமும் கேட்ட வார்த்தைகளை யாராலும் திருப்பி எடுக்க முடியாது. "இன்னும் எவ்ளோ இருந்துச்சோ" என்று ஒருவர் கேட்டே விட்டார்.

பாஸ்புக்கைப் புரட்டியதில் ஒரு நல்லதும் நடந்தது. மே மாதக் கடைசியில் 436 ரூபாய் பிடித்ததாக ஒரு வரி இருந்தது. அது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டின் வருஷப் பிரீமியம். 18 முதல் 50 வயதுக்குள் சேர்ந்து, பிரீமியம் தொடர்ந்து கட்டினால் 55 வரை காப்பு உண்டு. எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டும், விபத்தைத் தவிர, முதல் 30 நாள் கிடைக்காது. அண்ணனுக்கு 52. வங்கிக் கிளையிலேயே கோரிக்கைப் படிவம் கொடுத்தார்கள், பணம் வந்தது. இறந்தவர் வீட்டில் எல்லா பாஸ்புக்கையும் பதிவு போட்டு வாங்கி 436 என்ற எண்ணையும் 20 என்ற எண்ணையும் தேடுங்கள். 20 ரூபாய் விபத்துக் காப்பீட்டுக்கானது. பெயிண்டர், மேஸ்திரி, ஆட்டோக்காரர் என்றால் நலவாரிய அட்டையையும் பாருங்கள். இயற்கை மரணத்துக்கும் ஈமச்சடங்குக்கும் உதவித்தொகை உண்டு, அட்டை புதுப்பித்திருக்க வேண்டும். அண்ணன் பெயிண்டர்தான். ஊரார் அட்டையையெல்லாம் புதுப்பித்தவருடைய அட்டை காலாவதியாகிக் கிடந்தது.

போன். சடங்கு முடிந்த மறுநாள், ரீசார்ஜ் போடுவது வீண் என்று சிம்மை நிறுத்தப் பார்த்தார்கள். நல்லவேளை, நிறுத்தவில்லை. தெருப் பிள்ளைகளுக்கு சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் எல்லாம் இ-சேவையில் போட்டுக் கொடுத்தவர் அவர். இ-சேவையில் ஒவ்வொருவருக்கும் தரும் கேன் எண்ணைப் பதியும்போது பெற்றோரிடம் நிலையான நம்பர் இல்லாததால் தன் நம்பரையே கொடுத்திருந்தார். இன்றைக்கும் ஓடிபி அந்த சிம்முக்குத்தான் வரும். பாடசாலை அறையின் கரண்ட் பில் குறுஞ்செய்தியும் அதே நம்பருக்குத்தான். ப்ரீபெய்டு சிம் 90 நாள் பயன்பாடு இல்லாமல் கிடந்தால் துண்டித்துவிடலாம், பிறகு அந்த நம்பர் வேறு யாருக்கோ போய்விடும். வாட்ஸ்ஆப் கணக்கு 120 நாள் செயல்படாமல் இருந்தால் அழிந்துவிடும். குழுவுக்கு அவர் ஒருவரே அட்மின் என்றால் அதுவரை யாரையும் நீக்க முடியாது. போனைத் திறக்க முடியவில்லை என்று, எடுக்கும் முன் அவர் விரலை வைத்துப் பார்க்கலாமா என்றுகூட ஒருவர் கேட்டார். அது பெரும்பாலும் வேலை செய்யாது. செய்தாலும் அது அசிங்கம். அண்ணியிடம் கேட்டு, சிம்மைக் கழற்றி ஒரு சாதாரண பட்டன் போனில் போட்டு, இறப்புச் சான்றிதழைக் காட்டி நம்பரை அண்ணி பெயருக்கு மாற்றினோம். பிறகு கேன் எண்களில் அந்தந்த வீட்டு நம்பரை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். முதல் மாதம் முழுக்க ராத்திரியிலும் மணி அடித்தது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு ரத்தம் வேண்டும் என்று பேசுகிற முகம் தெரியாத குரலிடம், அவர் இறந்துவிட்டார் என்று சொல்லிவிட்டு, எந்த குரூப் வேண்டும் என்று கேட்க வேண்டும். முதல் வாக்கியத்தைச் சொல்லாமல் இரண்டாவதுக்குப் போவது நல்லது என்று சீக்கிரம் புரிந்தது.

ரத்தம் கொடுப்பவர்களை அண்ணன் எழுதிவைத்திருந்த ரத்த நோட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குரூப் வாரியாகப் பக்கம் பிரித்திருந்தார். பெயரும் நம்பரும் நீலப் பேனாவில், கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி மட்டும் பென்சிலில். ஒவ்வொரு முறையும் அழித்து அழித்து அந்த இடத்தில் தாள் மெலிந்து, சில வரிகளில் ஓட்டையே விழுந்திருந்தது. ஆண்களுக்கு 3 மாதம், பெண்களுக்கு 4 மாதம் இடைவெளி வேண்டும் என்பதால் தேதி பார்த்துத்தான் கூப்பிடுவார். சில பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. யாருக்கும் அர்த்தம் தெரியவில்லை. பழைய நோயாளியோ, கொடுக்க மறுத்தவரோ என்று அவர்களைக் கூப்பிடாமலே விட்டோம். மூன்று மாதம் கழித்து அதில் ஒருவர் தானே வந்து, தனக்கு நைட் ஷிப்ட், பகலில் தூங்குவதால் ராத்திரிதான் அண்ணன் கூப்பிடுவார் என்றார். புள்ளிக்கு அவ்வளவுதான் அர்த்தம். அந்த மூன்று மாதத்தில் ஓ நெகட்டிவ் இரண்டு பேரை நாங்களே பட்டியலிலிருந்து தள்ளிவைத்திருந்தோம்.

நினைவாக என்ன செய்வது என்ற பேச்சு மூன்றாம் நாளே தொடங்கியது. முதலில் சிலை என்றார்கள். பொதுச் சாலையிலும் நடைபாதையிலும் சிலைக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013லேயே சொல்லிவிட்டது. தெருவுக்குப் பெயர் வைக்க மாநகராட்சி மன்றத்தில் தீர்மானம் வேண்டும். பேனர்? 2019ல் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் இறந்த பிறகும் அனுமதி வாங்காமல் கம்பு நட நமக்கு மனசு வரக் கூடாது. படத்திறப்பு மட்டும் நடத்தினோம். அதற்கு ஒரு வாரம் முன்பே காவல் நிலையத்தில் கடிதம் கொடுங்கள். ஒலிபெருக்கியை ராத்திரி 10 மணிக்கு நிறுத்தியாக வேண்டும். நாங்கள் செய்த தப்பு, மேடையை உள்ளூர்ப் பிரமுகர்களுக்குக் கொடுத்தது. ஒன்பது பேர் பேசினார்கள், அதில் ஆறு பேர் அண்ணனைப் பற்றிப் பேசவில்லை. அவரால் படித்து நர்ஸ் ஆன பெண் மைக்குக்கு வரும்போது மணி 9.50. ஆளுக்கு மூன்று நிமிஷம், முதலில் அவரால் பயன்பட்டவர்கள், கடைசியில் பிரமுகர்கள் என்று வைத்திருந்தால் கூட்டமும் கலைந்திருக்காது.

ரத்ததான முகாமைப் பதினாறாம் நாள் காரியத்தன்று வைத்தது அதைவிடப் பெரிய தப்பு. 64 பேர் வந்தார்கள், 29 பேரிடம்தான் எடுக்க முடிந்தது. முந்தைய ராத்திரி குடித்தவர்கள், விரதம் என்று வெறும் வயிற்றோடு வந்தவர்கள், ஹீமோகுளோபின் 12.5க்குக் கீழே உள்ளவர்கள் திரும்பிப் போனார்கள். எல்லாவற்றையும் விட வேதனை, அண்ணன் பெயரைக் கையில் பச்சை குத்திக்கொண்டு வந்த ஏழு பையன்கள். பச்சை குத்தினால் ஒரு வருஷம் ரத்தம் கொடுக்க முடியாது. அவருக்காகக் குத்தியதாலேயே அவருக்காகக் கொடுக்க முடியாமல் வாசலில் நின்றார்கள். வயது 18 முதல் 65, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், நாலு மணி நேரத்துக்குள் சாப்பிட்டிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே வீடு வீடாகச் சொல்லுங்கள். ரத்த வங்கி மருத்துவ அலுவலருக்கு மூன்று வாரம் முன்பே கடிதம் கொடுத்து, அன்றைக்கு எத்தனை யூனிட் எடுத்துக்கொள்ள முடியும் என்று கேளுங்கள். தரைத்தளத்தில் ஃபேன் உள்ள கூடம், நாலைந்து கட்டில், பதிவுக்கு மேஜை, கை கழுவ இடம், கொடுத்தபின் கால் மணி நேரம் உட்காரத் தனி இடம், ஜூஸ், பிஸ்கட் வேண்டும். சிவப்பணுக்கள் ஐந்தாறு வாரம்தான் தாங்கும், தட்டணுக்கள் 5 நாள்தான். ஆகவே நினைவு நாளில் இருநூறு பேரைத் திரட்டுவதைவிட வருஷத்தில் நாலு முறை நாற்பது நாற்பது பேராகக் கொடுப்பதே ஆஸ்பத்திரிக்கு உதவி. அதில் ஒன்று கட்டாயம் மே மாதத்தில் இருக்கட்டும், கல்லூரி லீவில் கொடையாளர்கள் குறைகிற மாதம் அது.

பக்கத்து மூலக்கொத்தளத்தில், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைசென்று 1939ல் உயிர்விட்ட தாளமுத்து, நடராசன் நினைவிடம் இருக்கிறது. 1918ல் பெரம்பூர் மில் தொழிலாளிகள் சென்னைத் தொழிலாளர் சங்கம் கட்டிய வட்டாரம் இது. மேடைக்கு மேடை அந்தப் பெருமையைப் பேசுகிற எங்களுக்கு, இருபது வருஷத்தில் ஒரு சங்கம் பதியத் தோன்றவில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ன்படி ஏழு பேர் இருந்தால் பதியலாம். அமைப்பு விதிகளும் துணை விதிகளும் எழுதி மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும், பிறகு சங்கத்தின் பெயரில் பான் எண், வங்கிக் கணக்கு. கணக்கை இருவர் சேர்ந்து கையெழுத்திடும்படி வையுங்கள். வருஷா வருஷம் பதிவாளருக்குக் கணக்கு காட்டுவதை மறந்தால் சங்கம் பெயருக்குத்தான் இருக்கும். அறை வாடகை ஒப்பந்தமும் கரண்ட் இணைப்பின் போன் நம்பரும் சங்கத்துக்கு மாற வேண்டும். அண்ணனின் சாவிக்கொத்தில் 17 சாவி இருந்தது, எந்தப் பூட்டுக்கு எது என்று கண்டுபிடிக்க அரை நாள் போனது. இப்போது ஒவ்வொன்றிலும் சீட்டு கட்டி, இன்னொரு செட் பாடசாலைக்கு எதிரே உள்ள இஸ்திரிக் கடையில் இருக்கிறது.

பட்டன் போனை மாதத்துக்கு ஒருவர் என்று முறை வைத்திருக்கிறோம். போனோடு ரத்த நோட்டும், ஒரு பென்சிலும், ரப்பரும், கண் வங்கி நம்பர் எழுதிய அட்டையும் ஒரே பையில் கைமாறும். இந்த மாதம் அது இஸ்திரிக் கடைக்காரரிடம் இருக்கிறது. ராத்திரி 11 மணிக்கு மேல் வருகிற அழைப்பை எடுப்பதற்கு மட்டும் இன்னும் ஆள் அமையவில்லை. போன வாரம் 2 மணிக்கு வந்த அழைப்பைக் காலையில்தான் பார்த்தோம்.